கடைசிப் பயணி இறங்கும் வரை

விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்று எரிபொருள் ஏற்றுவது என் தொழில். பயணிகள் எங்களைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. இறங்கக் காத்து ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் குழந்தைகள் மட்டும் எப்போதாவது கையசைப்பார்கள். நானும் இடக்கையை அசைப்பேன். வலக்கையை அசைக்க முடியாது. அதில் டெட்மேன் இருக்கும்.

டெட்மேன் என்பது நீண்ட கம்பியின் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விசை. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரையில்தான் எரிபொருள் ஓடும். பிடித்திருப்பவர் மயங்கி விழுந்தாலோ செத்தே போனாலோ விரல்கள் தளர்ந்து, ஓட்டம் தானாக நின்றுவிடும். அதனால்தான் அந்தப் பெயர். அது அத்தோடும் விடுவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை கீச்சென்று ஒலி எழுப்பும். உடனே ஒரு கணம் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். இருக்கிறாயா என்று அது கேட்கிறது. இருக்கிறேன் என்று கை பதில் சொல்கிறது. மனைவி போன பிறகு, நான் இருக்கிறேனா என்று தவறாமல் விசாரிப்பது இது ஒன்றுதான் என்று ரேடியோவிடம் ஒரு முறை வேடிக்கையாகச் சொன்னேன். எதற்கும் சிரிக்கும் அவர் அதற்குச் சிரிக்கவில்லை.

ரேடியோ என்பது எங்களுடைய எரிபொருள் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர். நிறுத்தாமல் பேசுவார் என்பதைத் தவிர அவர்மேல் சொல்வதற்குக் குறை எதுவும் இல்லை.

எனக்கு ஒரே மகள். மேற்படிப்புக்காகக் கடல் தாண்டிப் போனவள் அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டாள். அவள் கடைசியாக விமானம் ஏறி வந்தது அவளுடைய அம்மாவின் காரியத்துக்கு. அவள் வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்திருந்தது. பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த ஆண்டு விடுமுறைக்கு எப்போது வருகிறாய் என்று தொலைபேசியில் கேட்டேன். இனிமேல் விமானத்தில் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னாள்.

“ஏம்மா, பயமா இருக்கா?”

“பயம் இல்லப்பா. அது விடற புகை. ஒரு தடவ வந்துட்டுப் போனா, நான் வருஷம் பூரா பஸ்ல போயி, லைட்ட அணைச்சு, பழைய துணியையே கட்டி மிச்சம் பிடிக்கறது அத்தனையும் போயிடுது. கணக்குப் போட்டுப் பாத்தேன்.”

“நீ ஒருத்தி ஏறலேன்னா பிளேன் நின்னுடுமா?”

“நிக்காது. தெரியும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லப்பா. நான் ஏறல.”

அவளை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அந்தப் புகையின் சம்பளத்தில்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானாகத்தான் ஒரு முறை, “என்னக் குத்திக் காட்டறியா பாப்பா?” என்று கேட்டேன். “ஐயோ, உங்கள இல்லப்பா,” என்று பதறிவிட்டாள். அதன் பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து சாப்பிட்டாயிற்றா, அங்கே குளிரா, இங்கே வெயிலா. வெயிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் இருவர் குரலிலும் ஒரு ஜாக்கிரதை வந்துவிடும்.

என் அக்காவுக்கு அப்படி எந்த ஜாக்கிரதையும் கிடையாது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, என் சமையலறையைத் திறந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போவாள்.

“ஊர்ல இருக்கற புகையெல்லாம் உம் பொண்ணு ஒருத்தி தலமேலயா ஏறி உக்காந்திருக்கு? எதிர்வீட்டுக்காரன் மூணு கார் வெச்சிருக்கான். அவன் நிம்மதியாத் தூங்கறான்.”

“அவ மனசுக்கு அப்படித் தோணுது அக்கா.”

“மனசுக்கு வரணும்னு தோணல. அதச் சொல்லு. இந்த வீட்டுக்குள்ள வந்தா அம்மா ஞாபகம் வருது. வானத்த சாக்கு சொல்லிட்டு இருக்கா. நீயும் தலையாட்டிட்டு இரு.”

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல் பாத்திரங்களைச் சத்தமாகத் துலக்கினாள். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. மகள் விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறாளா, அல்லது என்னிடம் வர மாட்டேன் என்கிறாளா? நான்கு ஆண்டுகளாக இந்த ஒரு கேள்வியோடுதான் தனியாகச் சாப்பிட்டேன், தனியாகத் தூங்கினேன். பெற்ற பிள்ளையிடம் நேரடியாகக் கேட்கக் கூடிய கேள்வியா அது?

ரேடியோவிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி சொன்னார். “அண்ணே, நீங்க யாரு? சாம்பிள் குடுவையில ஒரு சொட்டுத் தண்ணி தெரிஞ்சதுன்னு என் லாரியையே திருப்பி அனுப்பின ஆளு. முழு லாரி! ‘ஒரு சொட்டுதானே அண்ணே’ன்னு கெஞ்சினேன். ‘ஒரு சொட்டும் தண்ணிதான்’னு சொன்னீங்க. உங்க பொண்ணு வேற எப்படி இருக்கும்?”

எரிபொருளை ஏற்றுவதற்கு முன் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது எங்கள் வழக்கம். தண்ணீர் கலந்திருந்தால் மேலே போனதும் உறைந்துவிடும். அந்தப் பழைய லாரிக் கதையை ரேடியோ இன்றுவரை மறக்கவில்லை. அன்று அவர் சொன்னதைச் சிரித்து ஒதுக்கிவிட்டேன்.

சென்ற கோடையில் மகள் ஒருநாள் வேலை நேரத்தில் அழைத்தாள். வழக்கமாக அப்படிச் செய்ய மாட்டாள்.

“அப்பா, நான் ஊருக்கு வரேன். ரயில்ல.”

“ரயில்லயா? நடுவுல கடல் இருக்கேம்மா!”

“அதுக்குக் கப்பல் இருக்கு. அப்புறம் முழுக்க ரயில்தான். நாலஞ்சு இடத்துல மாறணும். ரெண்டு வருஷ லீவ சேத்து வெச்சிருக்கேன். உங்ககூட ஒரு வாரம் இருக்கலாம்.”

போக வர ஒரு மாதம். என்னோடு ஒரு வாரம். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. “ஜாக்கிரதையா வாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவளுடைய அறையைச் சுத்தம் செய்தேன். புதிய மெத்தை வாங்கினேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். அவள் இங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த அறையில் மின்விசிறியே போதும். இப்போது மதியத்தில் சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. பக்கத்து வீடுகளில் ஏசி ஓடி ஓடி, வெளியே தள்ளும் அனல் அத்தனையும் அந்த ஜன்னலுக்குத்தான் வருகிறது. குளிரில் பழகிய பெண் எப்படித் தூங்குவாள் என்று யோசித்து, ஒரு வேகத்தில் நானும் ஏசி வாங்கி மாட்டிவிட்டேன். மாட்டியவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. விமானமே வேண்டாம் என்கிறவள் இதைப் பார்த்தால் என்ன சொல்வாள்? அக்கா வந்து பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நல்ல வேல பண்ணின போ. ஒரு மாசம் ரயில்ல உக்காந்து அவ மிச்சம் பிடிச்சத, ஒரு வாரத்துல நீ செலவு பண்ணிடுவ.”

“கழட்டிடட்டுமா அக்கா?”

“கழட்டாத. மேல ஒரு துணியப் போட்டு மூடி வை. கேட்டா அலமாரின்னு சொல்லு.”

மகள் கிளம்பினாள். ஒவ்வோர் ஊரிலும் இறங்கியதும் இரண்டு வரி அனுப்புவாள். கப்பலில் வாந்தி. பெட்டியில் ஒரு குடும்பமே சேர்ந்து பாடியது. இன்னொரு நாட்டின் எல்லையில் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். ஓய்வறைச் சுவரில் ஒரு பழைய வரைபடம் தொங்குகிறது; ரேடியோ அதில் அவள் இருக்கும் இடத்தை விரலால் காட்டி, “பாப்பா இங்க வந்தாச்சு” என்று எல்லோருக்கும் அறிவிப்பார். எரிபொருள் ஏற்றுகிறவர்கள் பத்துப் பேர், ரயிலில் வருகிற ஒரு பெண்ணுக்காக அந்த வரைபடத்தின் முன் நின்றுகொண்டிருந்தோம்.

கடைசியாக ரயில் மாற வேண்டிய ஊரில் அவள் வந்து இறங்கிய அன்று, அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. மறுநாளும் நிற்கவில்லை. வருடத்தின் அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் மழையே கிடையாது என்றார்கள். ஆறு கரையை உடைத்து, இங்கே வரும் இருப்புப் பாதையை ஒரு பாலத்தோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. சாலையும் இல்லை. சரிசெய்ய எவ்வளவு நாளாகும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அவள் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கிக் காத்திருந்தாள். என்னோடு இருக்க வேண்டிய ஒரு வாரம் ஒவ்வொரு நாளாகக் கரைந்துகொண்டிருந்தது. திரும்பும் பயணத்தின் நாட்களை அவளால் குறைக்க முடியாது.

“மழையும் பாருங்க அண்ணே, யாரு வராங்கன்னு பாத்து நிக்குதா?” என்றார் ரேடியோ. “மூணு கார்க்காரன் வீட்டுக்குள்ள போயிருக்கலாம். நம்ம பாப்பாவோட ரயிலத்தான் பிடிக்கணுமா?”

அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் தினமும் ஒரு விமானம் உண்டு. பிற்பகல் இங்கிருந்து போகும். இரவு அங்கே நின்று, மறுநாள் காலை அங்குள்ள பயணிகளோடு திரும்பி வரும். பாதை போன பிறகு அதில் இடத்துக்கு அடிதடி என்று கேள்விப்பட்டேன். மகள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த ஒரு வாரத்தில் சில நாட்களே மிச்சம் இருந்தபோது, ஒரு பிற்பகல் அந்த விமானத்துக்குத்தான் எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். விமானம் நிற்கும் தளத்தின் தார் இளகி, காலணிக்கடியில் பிசுபிசுத்தது. எங்கள் தொலைபேசிகளை வேலை இடத்துக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. ஓய்வறைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வருவோம். ரேடியோவுக்கு இடைவேளை. ஓய்வறைக் கதவைத் திறந்துகொண்டு அவர் வேர்க்க வேர்க்க ஓடி வந்தார்.

“அண்ணே! பாப்பா என் போன்ல கூப்பிட்டிருக்கு. உங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துதாம். டிக்கெட் கவுண்டர்ல நிக்குது. நாளைக் காலைல இதே பிளேன்ல ஒரே ஒரு சீட்டு காலியாயிருக்காம். எடுக்கவா வேணாமான்னு உங்களக் கேக்கச் சொல்லுது.”

“என்னையா?”

“‘அப்பா வான்னா வரேன், வேணாம்னா வேணாம். எனக்கு முடிவு பண்ணத் தெரியல’ங்குது. பின்னாடி வரிசை நிக்குதாம். சீக்கிரம் சொல்லுங்க. அழுதுடும்போல இருக்கு அண்ணே.”

நான்கு ஆண்டுகளாக எனக்குத் தெரியாதிருந்தது அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவளுக்கு என்னிடம் வர வேண்டும். ஒரு வரிசையில் நின்று, தான் செய்யவே மாட்டேன் என்றதைச் செய்யட்டுமா என்று கேட்கிற அளவுக்கு வர வேண்டும்.

கீச்சென்று சத்தம் கேட்டது. நான் விசையை விட்டேன். மறுபடி அழுத்தவில்லை.

குழாய் ஒரு முறை குலுங்கி அடங்கியது. அளவு காட்டும் எண்கள் நின்றன. இத்தனை வருடப் பணியில் விமானம் பாதி வயிற்றோடு நிற்க நான் கையை விட்டதில்லை. ரேடியோ என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, என்னண்ணே? வரச் சொல்லிடட்டுமா? பாப்பா ஏறலேன்னா அந்த சீட்டுல வேற எவனாவது உக்காந்துதான் வருவான். புகை ஒண்ணுதான். யாரு வந்தா என்ன?”

“தெரியும்பா.”

“அப்புறம் என்ன யோசன? ஒரே ஒரு தடவதானே!”

ஒரு சொட்டுதானே என்று அவர் என்றோ என்னிடம் கெஞ்சியதும் இதே குரலில்தான். அவருக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. வா என்று சொல்லிவிட என் வாய் திறந்தே இருந்தது. வந்து அந்தப் புது மெத்தையில் உட்கார்வாள். என் சமையலைச் சாப்பிடுவாள். ஜன்னல் வழியே விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயல்வாள். அப்பாவுக்காகச் செய்தேன் என்று ஒருபோதும் சொல்ல மாட்டாள். அதை நான் சகித்துக்கொண்டிருப்பேனா?

மேலே படிக்கட்டில் நின்ற பொறியாளர் குனிந்து பார்த்தார். “என்ன சார் கீழ? நின்னுபோச்சா? நேரமாகுது!”

“மன்னிக்கணும் சார். இதோ,” என்றேன். பிறகு ரேடியோவிடம், “வேண்டாம்னு சொல்லு” என்றேன்.

“அண்ணே?”

“திரும்பிப் போகச் சொல்லு. சாயங்காலம் நானே பேசறேன்னு சொல்லு. அழ வேண்டாம்னு சொல்லு.”

அவர் நகரவில்லை. பிறகு திரும்பி ஓடினார். நான் விசையை அழுத்தினேன். எண்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அன்று அந்த விமானம் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது. மேலதிகாரி காரணம் கேட்டார். கை நழுவிவிட்டது என்றேன். “உங்களுக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்து, சோற்றை வடித்துத் தட்டில் போட்டுக்கொண்டு அவளை வீடியோவில் அழைத்தேன். ரயில் நிலையக் கூடத்தில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு ரொட்டி. அவளுக்குப் பின்னால் ஈரக் குடைகளோடு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம்.

“கோவமாம்மா?”

“இல்லப்பா.” ரொட்டியைப் பிய்த்து வாயில் போடாமல் வைத்திருந்தாள். “நீங்க வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்.”

“தெரியும். அதனாலதான் சொல்லல.”

அவள் கீழே பார்த்தாள். “அந்த வரிசையில நிக்கறப்போ, நீங்க வான்னு சொல்லிடணும்னுதான் இருந்துதுப்பா.”

தண்ணீர் குடித்தேன். சொல்ல வேண்டாம் என்றிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“பாப்பா, உன் ரூம்ல ஏசி போட்டுட்டேன்.”

அவள் நிமிர்ந்தாள். “அப்பா!”

“உன் அத்தை அலமாரின்னு சொல்லச் சொன்னா.”

ரொட்டி கையிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க அந்த ரூம்ல படுங்கப்பா. வெயில் தாங்காது உங்களுக்கு. போட்டுக்கோங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்ல மாட்ட.”

“பாதை சரியானதும் மறுபடி வரேன். லீவு சேத்துக்கறேன்.”

“சேத்துக்கோ.”

அவளுடைய ரயில் அறிவிக்கப்பட்டது. வந்த வழியே திரும்பும் ரயில். ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் தொலைபேசியை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பேச்சு முடிந்துபோயிருந்தது. ஜன்னலில் அவளுடைய முகமும், அதன்மேல் மழையும், ஓடுகிற விளக்குகளும் தெரிந்தன. பிறகு ஒரு சுரங்கப் பாதையில் தொடர்பு அறுந்தது.

சிறிது நேரத்துக்கெல்லாம் அக்கா அழைத்தாள். ரேடியோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“நீ மனுஷன்தானாடா? பெத்த பொண்ணு வாசல் வரைக்கும் வந்திருக்கா, வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கியே!”

“அவ வரணும்னுதான் இருந்திருக்கா அக்கா. சாக்கு இல்ல.”

“சாப்பிட்டியா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

மறுநாள் காலை எனக்கே பணி. அந்த விமானம் வந்து நின்றது. பயணிகள் எல்லோரும் இறங்கி முடிந்த பிறகுதான் எரிபொருள் ஏற்றத் தொடங்க வேண்டும். குழாயை இணைத்துவிட்டு, டெட்மேனைக் கையில் எடுத்துக்கொண்டு இறக்கையின் நிழலில் நின்றேன். ரேடியோ லாரியிலிருந்து இறங்காமல், முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தூக்கக் கலக்கத்தோடு ஒரு தம்பதி. சேறு காயாத காலணிகளோடு சில இளைஞர்கள். தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்ட ஒரு தாய். மகள் இதில் இல்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னவனே நான்தான். அவள் இந்நேரம் எதிர்த்திசையில் வெகுதூரம் போயிருப்பாள். ஆனாலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் வயதில் ஒரு பெண், அவளைப் போலவே பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த இடத்தில் உட்கார்ந்து வந்தவள் அவளாகத்தான் இருக்கும் என்று எந்தக் காரணமும் இல்லாமல் நினைத்துக்கொண்டேன். வெயில் கண்ணில் பட்டதும் அவள் முகத்தைச் சுளித்து, கைப்பேசியில் யாரிடமோ, “இறங்கிட்டேன், எங்க நிக்கறீங்க?” என்று சொல்லிக்கொண்டே பேருந்தில் ஏறினாள்.

கடைசியாக ஒரு முதியவர், கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அவருக்குப் பின்னால் எவரும் இல்லை. துப்புரவுப் பெண்கள் வாளிகளோடு மேலே ஏறினார்கள்.

“ஆரம்பிக்கலாம் சார்,” என்று மேலிருந்து பொறியாளர் குரல் கொடுத்தார்.

விசையை அழுத்தினேன். எண்கள் ஓடின. சில நிமிடங்களில் அது கீச்சிட்டது. விட்டு, மறுபடி அழுத்தினேன்.